ஒன்லி யெஸ்டர்டே (திரைப்படம்)

ஒன்லி யெஸ்டர்டே (ஜப்பானிய மொழியில்: ஒமொய்தே பொரோ பொரோ) என்பது 1991 ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த இயங்குபடத் திரைப்படம் ஆகும். ஸ்டூடியோ ஜிப்லி நிறுவனம் தயாரித்த இப்படத்தின் திரைக்கதையை எழுதி இயக்கியவர் இசாவோ தகாஹாதா. டோக்கியோவில் அலுவலகப் பணி செய்யும் 27 வயதுப் பெண் ஒருத்தி, விடுமுறைக்காக ஒரு கிராமத்துக்குச் செல்லும்போது, ஐந்தாம் வகுப்பில் படித்த காலத்து நினைவுகள் அவளைத் தொடர்ந்து வருவதே இதன் கதை. மாயம், சாகசம், கற்பனை உலகம் ஆகிய எவையும் முதன்மை பெறாமல், அன்றாட வாழ்க்கையை மட்டும் கருவாகக் கொண்டு பெரியவர்களுக்காக எடுக்கப்பட்ட இயங்குபடங்களில் இது முக்கியமான ஒன்றாகக் கருதப்படுகிறது.

படக்குறிப்பு
இயக்கம், திரைக்கதை: இசாவோ தகாஹாதா
மூலக்கதை: ஹொத்தாரு ஒகமோத்தோ, யூக்கோ தோனே (படக்கதை)
தயாரிப்பாளர்: தொஷியோ சுசுக்கி
பாத்திர வடிவமைப்பு: யொஷிஃபூமி கொந்தோ
கலை இயக்கம்: கசுவோ ஓகா
இசை: மசாரு ஹொஷி
குரல்: மிக்கி இமாய், தொஷிரோ யனகிபா, யோக்கோ ஹொன்னா
வெளியீடு: ஜூலை 20, 1991
ஓடும் நேரம்: ஏறத்தாழ 2 மணி நேரம்
மொழி: ஜப்பானியம்

பெயர்

ஜப்பானியத் தலைப்பில் உள்ள முதற்சொல்லுக்கு நினைவுகள் என்று பொருள். இச்சொல் தலைப்பில் தற்கால எழுத்துமுறையில் அல்லாமல் பழைய எழுத்துமுறையில் எழுதப்பட்டுள்ளது. "பொரோ பொரோ" என்பது கண்ணீர்த்துளிகள், பருக்கைகள் போன்றவை ஒவ்வொன்றாகச் சிந்துவதைக் குறிக்கும் இரட்டைக்கிளவி. எனவே தலைப்பை "ஒவ்வொன்றாய் உதிரும் நினைவுகள்" என்று பொருள் கொள்ளலாம். நேற்று நடந்தது போலத்தான் இருக்கிறது என்னும் பொருள் தரும் ஆங்கிலத் தலைப்பு, பின்னர் பிற நாடுகளில் வழங்கியதாகும்.

கதைச்சுருக்கம்

(இப்பகுதியில் படத்தின் முடிவும் கூறப்படுகிறது.)

கதை 1982 ஆம் ஆண்டில் தொடங்குகிறது. டோக்கியோவிலேயே பிறந்து வளர்ந்த தாயெக்கோ ஒகாஜிமா திருமணமாகாதவள். பத்து நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு, அக்காள் கணவரின் உறவினர் வாழும் யமகத்தா மாகாணத்துக் கிராமத்துக்குப் புறப்படுகிறாள். அங்கு நடைபெறும் குசும்பாப் பூப்பறிப்பில் உதவி செய்வது அவள் திட்டம். இரவுத் தொடர்வண்டியில் செல்லும்போது 1966 ஆம் ஆண்டில் ஐந்தாம் வகுப்பு மாணவியாக இருந்த தன்னையே அவள் நினைத்துப் பார்க்கத் தொடங்குகிறாள். பயணம் முழுவதும் அந்தச் சிறுமி அவளுடன் வந்துகொண்டே இருக்கிறாள்.

அதிகாலையில் நிலையத்தில் அவளை அழைத்துச் செல்லத் தொஷியோ என்னும் இளைஞன் வருகிறான். நிறுவன வேலையை விட்டுவிட்டு இயற்கை வேளாண்மையில் ஈடுபட்டிருப்பவன் அவன். வயல் வேலையிலும் உரையாடல்களிலும் இருவரும் நெருக்கமாகின்றனர். தாயெக்கோ ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள் இரவில், தொஷியோவை மணந்து இங்கேயே தங்கிவிடும்படி வீட்டு மூதாட்டி அவளிடம் கேட்கிறார். எதிர்பாராத இக்கேள்வியால் நிலைகுலைந்த தாயெக்கோ வீட்டை விட்டு வெளியே ஓடுகிறாள். கிராமத்தின் மீது தனக்கிருந்த பற்று விருந்தாளியின் மேலோட்டமான பற்றுதானோ என்ற ஐயம் அவளை வருத்துகிறது.

மறுநாள் அவள் தொடர்வண்டியில் புறப்படுகிறாள். எழுத்துகள் ஓடத்தொடங்கும்போது படம் முடிந்துவிடுவதில்லை. ஐந்தாம் வகுப்புச் சிறுவர் சிறுமியர் வண்டியெங்கும் தோன்றி அவளைச் சூழ்கின்றனர். அவள் அடுத்த நிலையத்தில் இறங்கி, எதிர்த்திசை வண்டியில் ஏறித் திரும்புகிறாள். தொஷியோவின் மகிழுந்து அவளை ஏற்றிச் செல்கிறது. இக்காட்சிகளில் உரையாடல் இல்லை. பாடல் மட்டும் ஒலிக்கிறது. மகிழுந்து சென்றபின், அதைப் பார்த்து நிற்கும் சிறுமி தாயெக்கோவின் முகத்தில் மகிழ்ச்சியுடன் பிரிவும் தெரிகிறது.

நினைவுகூரப்படும் நிகழ்வுகள்

படத்தில் வரும் சிறுவயது நிகழ்வுகள் எவையும் பெரிய திருப்பங்கள் அல்ல. இறப்பு, விபத்து, பேரிழப்பு ஆகியவற்றில் எதுவும் அவற்றில் இல்லை. ஆயினும் அவை ஒவ்வொன்றிலும் அந்த நாளில் தீராமல் விடப்பட்ட ஏதோ ஒன்று இருக்கிறது. அவற்றுள் சில:

அன்னாசிப்பழம்: அக்காலத்து ஜப்பானில் புதிய அன்னாசிப்பழம் எளிதில் கிடைக்காத, விலை மிகுந்த பொருள். கின்சா கடைத்தெருவில் வாங்கிவந்த பழத்தை எவ்வாறு அரிவது என்பதே வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. இறுதியில் அரிந்து சுவைத்தபோது அது கடினமாகவும் இனிப்பின்றியும் இருக்கிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராகத் தட்டை ஒதுக்கிவிட, ஆவலோடு காத்திருந்த தாயெக்கோ மட்டும் பிடிவாதமாகத் தின்கிறாள். வாழைப்பழமே மேலானது என்று குடும்பம் முடிவு செய்கிறது.

பின்னங்களின் வகுத்தல்: கணக்குத் தேர்வில் மிகக் குறைந்த மதிப்பெண் பெற்ற தாயெக்கோவுக்கு அக்காள் யாயெக்கோ பாடம் சொல்லித்தருகிறாள். மூன்றில் இரண்டை நான்கில் ஒன்றால் வகுக்க வேண்டும். வகுக்கும் பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்கு என்பது அக்காளின் விதி. தாயெக்கோவோ ஒரு ஆப்பிளை வரைந்து, மூன்றில் இரண்டு பங்கை நான்கு பேருக்குப் பிரித்துப் பார்க்கிறாள். ஒருவருக்கு ஆறில் ஒரு பங்குதான் கிடைக்கிறது. நான்கில் ஒன்றால் வகுப்பதை நான்கால் வகுப்பதாக அவள் எடுத்துக்கொண்டது பிழை. ஆனால் வகுத்தல் என்றால் என்ன என்று கேட்டவள் அவள் ஒருத்தியே. அக்கேள்விக்கு வீட்டில் விடை கிடைக்கவில்லை. அவள் இயல்பான பிள்ளை அல்ல என்று தாய் பேசுவதும் அவள் காதில் விழுகிறது. பின்னங்களைத் தயக்கமின்றித் தலைகீழாக்க முடிந்தவர்கள் வாழ்க்கையிலும் தடையின்றிச் செல்கின்றனர் போலும் என்று வளர்ந்த தாயெக்கோ கருதுகிறாள்.

பூப்புக் கல்வி: மாதவிடாய் பற்றிப் பள்ளியில் பெண் குழந்தைகளுக்கு மட்டும் தனியே விளக்கப்படுகிறது. செய்தி ஆண் பிள்ளைகளுக்குக் கசிந்து, உடற்பயிற்சி வகுப்பில் ஒதுங்கி அமரும் சிறுமிகளை அவர்கள் கேலி செய்கின்றனர். சளி பிடித்ததால் ஒதுங்கி அமர்ந்த தாயெக்கோ, தன்னைப் பற்றியும் அவ்வாறு நினைப்பார்களோ என்று அஞ்சுகிறாள். அருகில் இருக்கும் தோழி ரியே அதனை இயல்பாக எடுத்துக்கொள்கிறாள்.

பள்ளி நாடகம்: ஓரிரு வரி மட்டுமே உள்ள சிறு வேடத்தில் தாயெக்கோ தன் சொந்தக் கற்பனையைச் சேர்த்து நடித்துப் பாராட்டுப் பெறுகிறாள். கல்லூரி நாடகக் குழு ஒன்று தங்கள் நாடகத்தில் குழந்தை வேடத்துக்கு அவளை அழைக்கிறது. தந்தை ஒரே சொல்லில் மறுத்துவிடுகிறார். வாய்ப்பு வகுப்புத் தோழி ஒருத்திக்குச் செல்கிறது.

தந்தையின் அறை: கைப்பை ஒன்றைப் பற்றி அக்காளுடன் நேர்ந்த சண்டையில், வெளியே உணவுண்ணச் செல்லும் குடும்பத்தோடு வரமாட்டேன் என்று தாயெக்கோ அடம்பிடிக்கிறாள். அவர்கள் உண்மையாகவே புறப்பட்டதும் காலணி அணியாமல் வாசலுக்கு ஓடுகிறாள். அதைக் கண்ட தந்தை அவளை அறைகிறார். வாழ்நாளில் அவர் அவளை அடித்தது அந்த ஒருமுறைதான். அன்று மட்டும் ஏன் அடித்தார் என்பது வளர்ந்த பின்னும் அவளுக்கு விளங்கவில்லை. படமும் அதற்கு விளக்கம் தருவதில்லை.

ஹிரோத்தா: பக்கத்து வகுப்பில் படிக்கும் பந்தெறிவீரனான சிறுவன் தெருவில் அவளை நிறுத்தி, மழைநாள், மேகமூட்டம், வெயில் ஆகியவற்றில் எது பிடிக்கும் என்று கேட்கிறான். மேகமூட்டம் என்கிறாள் அவள். தனக்கும் அதுவே பிடிக்கும் என்று கூறிவிட்டு அவன் ஓடிவிடுகிறான். தாயெக்கோ வானத்தில் ஏறி நீந்துகிறாள். நடப்பியலை விட்டு விலகும் மிகச்சில காட்சிகளுள் இதுவும் ஒன்று.

ஆபே: தாயெக்கோவின் பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்த ஏழைச் சிறுவன். வகுப்பில் மற்ற சிறுமிகள் அவனை அழுக்கன் என்று முதுகுக்குப் பின்னால் பேசியபோது தாயெக்கோ அதில் சேரவில்லை. ஆனால் அவனை மிகவும் வெறுத்தவள் உள்ளுக்குள் தானே என்பதை அவள் அறிவாள். பள்ளியை விட்டுச் செல்லும் நாளில் எல்லோருடனும் கைகுலுக்கும் ஆபே, அவளுடன் மட்டும் கைகுலுக்க மறுக்கிறான்.

நினைவும் வளர்ச்சியும்

நினைவுகளைப் பொருளாகக் கொண்ட பல படங்கள் இளமைக்காலத்தை இழந்துபோன இன்பமாகக் காட்டுவதுண்டு. இப்படம் அவ்வாறு செய்வதில்லை. ஏன் ஐந்தாம் வகுப்பு மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது என்று தாயெக்கோ வியக்கிறாள். புழு வண்ணத்துப்பூச்சியாகும் முன் கூட்டுப்புழுவாக வேண்டும். அவ்வயது தனக்குக் கூட்டுப்புழுப் பருவமாக இருந்தது, இப்போது மீண்டும் அப்பருவம் வந்துள்ளதோ என்று அவள் எண்ணுகிறாள். இதன்படி வளர்ச்சி என்பது ஒருமுறை நிகழ்ந்து முடிவதன்று. ஒவ்வொரு மாற்றத்தின் வாசலிலும் முன்பு தீராத கேள்விகள் மீண்டும் எழுகின்றன.

இக்கருத்தின் மையமாக அமைவது ஆபேயின் நிகழ்வு. மற்ற நினைவுகளைத் தாயெக்கோ எளிதாக, சிரித்துக்கொண்டே பிறரிடம் கூறுகிறாள். கைப்பைச் சண்டையைப் பள்ளிச் சிறுமி நவோக்கோவுக்குச் சொல்லி, புதுக் காலணி கேட்டுத் தாயிடம் நச்சரிக்கும் அவளை ஆற்றுகிறாள். ஆபேயைப் பற்றி மட்டும் அவள் யாரிடமும் கூறியதில்லை. திருமணப் பேச்சு எழுந்த இரவில், மழையில், தொஷியோவின் மகிழுந்தில்தான் அது முதன்முறையாக வெளிவருகிறது. அன்று நல்லவள் போல் நடித்ததையே இன்று கிராமத்திலும் செய்கிறேனோ என்பது அவளது அச்சம்.

தொஷியோ அவளுக்கு ஆறுதல் மொழி கூறவில்லை. வேறொரு விளக்கத்தைத் தருகிறான். தன் உண்மையான குணத்தைக் காட்டிக்கொள்ளக் கூடியவள் நீ ஒருத்தி என்பதால்தான் ஆபே உன்னிடம் அப்படி முரட்டுத்தனமாக நடந்திருப்பான் என்பது அவன் கூற்று. அது சரிதானா என்பதை இனி யாரும் அறிய இயலாது. ஆயினும் பதினாறு ஆண்டுகளாக ஒரே விதமாகப் பார்க்கப்பட்ட நினைவு, பிறர் ஒருவரின் கண்ணால் பார்க்கப்பட்டதும் அசைகிறது. மாறாதவை என்று எண்ணப்படும் நினைவுகள் பகிரப்படும்போது மாறுகின்றன என்பதையும், முடிவெடுக்கும் உரிமை அதன்பின்பே தாயெக்கோவுக்குக் கிடைக்கிறது என்பதையும் படம் இவ்வாறு உணர்த்துகிறது.

தயாரிப்பு

மூலப் படக்கதை 1987 ஆம் ஆண்டில் வார இதழ் ஒன்றில் வெளிவந்தது. அதில் இருந்தது ஐந்தாம் வகுப்புச் சிறுமியின் தனித்தனி நிகழ்வுகள் மட்டுமே. அவற்றை இணைக்கும் தொடர்கதை இல்லாததால் முழுநீளப் படமாக்குவது கடினமாயிருந்தது. 27 வயதுத் தாயெக்கோ, கிராமம், தொஷியோ, பூப்பறிப்பு ஆகிய அனைத்தும் திரைக்கதைக்காகத் தகாஹாதா புதிதாகப் படைத்தவை. அதாவது, நினைவுகள் மூலநூலுக்குரியவை, நினைவுகூருபவள் இயக்குனருக்குரியவள். ஹயாவோ மியசாக்கி இப்படத்தின் தயாரிப்பில் பொதுத் தயாரிப்பாளராகப் பங்குபெற்றார்.

தகாஹாதா (1935 - 2018) இயங்குபட இயக்குனராக இருந்தபோதிலும் தாமே படம் வரைபவர் அல்லர். 1974 இல் வெளிவந்த ஹைடி தொலைக்காட்சித் தொடரிலேயே அன்றாட வாழ்க்கையை நுணுக்கமாகக் காட்டும் முறையை அவர் கையாண்டார். போர்க்காலச் சிறுவர்களைப் பற்றிய கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ் (1988) இதற்கு முன் ஜிப்லியில் அவர் இயக்கிய படமாகும்.

இருவகை ஓவியமுறை

இரு காலங்களும் இருவேறு முறைகளில் வரையப்பட்டுள்ளன. 1966 ஆம் ஆண்டுக் காட்சிகள் வெளிறிய நீர்வண்ணத்தில், விளிம்புகள் வெள்ளையாக விடப்பட்டு அமைந்துள்ளன. நினைவில் நிற்கும் பொருட்கள் மட்டுமே தெளிவாக உள்ளன. நினைவில் இல்லாதவை வரையப்படவில்லை. 1982 ஆம் ஆண்டுக் காட்சிகளிலோ வயல், இலை, பனி, ஒளி என அனைத்தும் விளிம்புவரை நிறைந்திருக்கின்றன. மை நெய்பர் டொட்டோரோ (1988) படத்துக்கும் கலை இயக்குனராக இருந்த கசுவோ ஓகா இப்பின்னணிகளுக்குப் பொறுப்பாக இருந்தார்.

முகங்களிலும் இவ்வேறுபாடு உண்டு. வளர்ந்த தாயெக்கோ சிரிக்கும்போது கன்னத்தின் தசை மடிப்புகள் கோடுகளாக வரையப்படுகின்றன. ஜப்பானிய இயங்குபடங்களில் இளம்பெண்களின் முகத்தை இவ்வாறு வரையும் வழக்கம் இல்லை. வழமையாகப் படம் வரையப்பட்ட பின்பே குரல் பதிவு செய்யப்படும். இங்கு பெரியவர்களின் உரையாடல் முதலில் பதிவு செய்யப்பட்டு, குரல் தந்த மிக்கி இமாய், தொஷிரோ யனகிபா ஆகியோரின் முக அசைவுகளையும் கருத்தில் கொண்டு படங்கள் வரையப்பட்டன. சிறுவயதுக் காட்சிகளில் வழமையான முறையே பின்பற்றப்பட்டது. கோடுகள் அழகைக் குறைப்பதாகச் சிலர் கருதுவதுண்டு. எனினும் வயதின் அடையாளம் முகத்தில் தெரிவது கதைக்குப் பொருத்தமாகவே உள்ளது.

குசும்பாவும் கிராமமும்

குசும்பா மஞ்சள் நிறப் பூக்களையும் முட்களையும் உடைய செடியாகும். இது குங்குமப்பூவிலிருந்து வேறானது. இதன் பூ யமகத்தா மாகாணத்தின் அடையாள மலராகும். எடோ காலத்தில் இங்கு விளைந்த குசும்பா, சாயத்துக்காகவும் உதட்டுச் சிவப்புக்காகவும் மொகாமி ஆற்றின் வழியே கியோத்தோவுக்கு அனுப்பப்பட்டது. பூவின் நிறப்பொருளில் பெரும்பகுதி மஞ்சளே. சிவப்பு மிகச் சிறிய அளவே உள்ளது. பறித்த பூவைக் கழுவி, மஞ்சளை நீக்கி, நொதிக்கவைத்து, இடித்து வில்லைகளாகத் தட்டிக் காயவைக்கும் வேலைகள் படத்தில் வரிசையாகக் காட்டப்படுகின்றன. பனியில் முட்கள் மென்மையாக இருக்கும் அதிகாலையிலேயே பூப்பறிப்பு நடைபெறுகிறது. முட்கள் குத்தக் கைகளால் பூப்பறித்த பெண்கள் அந்த உதட்டுச் சிவப்பை ஒருநாளும் பூச இயலாதிருந்தனர் என்பதும் படத்தில் கூறப்படுகிறது.

தாயெக்கோவின் கிராம ஆசை சிறுவயதில் தொடங்கியது. கோடை விடுமுறையில் தோழியர் சொந்த ஊர்களுக்குச் செல்ல, டோக்கியோவிலேயே வேர்கொண்ட குடும்பத்தில் பிறந்த அவளுக்குச் செல்ல ஊர் இல்லை. அத்தாமியின் வெந்நீர்க் குளியல் விடுதிக்குப் பாட்டியுடன் சென்றதே அவளுக்குக் கிடைத்த பயணம். எனவே இயற்கை அழகாக அவள் காண்பதைத் தொஷியோ திருத்துகிறான். காடு, ஓடை, வயல் அனைத்தும் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக இயற்கையோடு சேர்ந்து உருவாக்கியவை என்கிறான். யனகாவா நகரின் நீர்வழிகளைப் பற்றித் தகாஹாதா 1987 இல் ஆவணப்படம் எடுத்தவர் என்பதும், போம் பொக்கோ (1994) படத்தில் இதே பொருளுக்குத் திரும்பினார் என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கன.

இசை

தொஷியோவின் மகிழுந்தில் ஹங்கேரிய நாட்டுப்புற இசை ஒலிக்கிறது. உழவர்களின் இசை என்பதால் அவன் அதை விரும்புகிறான். மூசிகாஷ் குழுவினரின் பாடல்களுடன் பல்கேரிய நாட்டுப்புறப் பாடல்களும் படத்தில் பயன்படுத்தப்பட்டுள்ளன. ஜப்பானிய வயல்களின் மீது கிழக்கு ஐரோப்பிய இசை ஒலிப்பது படத்தின் தனித்தன்மைகளுள் ஒன்று. 1966 ஆம் ஆண்டுக் காட்சிகளில் அக்காலத்துத் தொலைக்காட்சிப் பொம்மலாட்டத் தொடர் ஒன்றின் பாடல்கள் இடம்பெறுகின்றன. இறுதிப் பாடல், அமண்டா மெக்புரூம் இயற்றிப் பெட் மிட்லர் பாடிய த ரோஸ் என்னும் ஆங்கிலப் பாடலின் ஜப்பானிய வடிவமாகும். தகாஹாதா எழுதிய அவ்வடிவத்தை ஹருமி மியாக்கோ பாடினார்.

வெளியீடும் வரவேற்பும்

1991 ஆம் ஆண்டில் ஜப்பானில் மிகுந்த வருவாய் ஈட்டிய ஜப்பானியப் படம் இதுவாகும். இளம்பெண்ணின் அகவாழ்க்கையைப் பற்றிய அமைதியான படம் ஒன்று இத்தகைய வெற்றி பெற்றது பலருக்கும் வியப்பளித்தது. ஐக்கிய அமெரிக்காவில் 2006 இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பப்பட்டாலும், 2016 ஆம் ஆண்டில்தான் அங்கு திரையரங்குகளில் வெளியானது. மாதவிடாய் பற்றிய காட்சிகளே இத்தாமதத்துக்குக் காரணம் என்று பரவலாகக் கூறப்படுகிறது. 2016 இன் ஆங்கில வடிவத்தில் டெய்சி ரிட்லி, தேவ் பட்டேல் ஆகியோர் குரல் கொடுத்தனர். 2020 பெப்ரவரியில் நெற்பிளிக்சு வழியாக இந்தியா உட்படப் பல நாடுகளில் பார்க்கக் கிடைத்தது.

படத்தின் முடிவு குறித்து இருவகைக் கருத்துகள் உள்ளன. நகரத்தில் தனித்து வாழும் பெண்ணின் கேள்விகளுக்குத் திருமணமும் கிராமமும் விடையாகத் தரப்படுவது பழமையான நோக்கு என்பது ஒன்று. மூதாட்டி கேட்டபோது ஓடிய தாயெக்கோ, எவரும் கேட்காதபோது தானே திரும்புகிறாள். எனவே அது அவளது சொந்தத் தெரிவு என்பது மற்றொன்று. திருமணம் நடந்ததா என்பதைப் படம் காட்டுவதில்லை.

இவற்றையும் பார்க்க

ஸ்டூடியோ ஜிப்லி
இசாவோ தகாஹாதா
கிரேவ் ஒஃப் த ஃபயர்ஃபிளைஸ்
மை நெய்பர் டொட்டோரோ
குசும்பா
யமகத்தா மாகாணம்